மலைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்பது?

வாடைக்காற்று (மண்டபம்):

எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் மலை கிடையாது. இராமேசுவரத்தில் பர்வதம் என்று பெருமையாகச் சொல்லப்படும் கந்தமாதனமே ஒரு மணல்மேடுதான். அதன் உச்சி மண்டபத்தில் ஏறி நின்றால் பனையும் உடைமரமும் கடலும் தெரியும். வேறு உயரம் எதுவும் கண்ணில் படாது. மலையைப் பார்க்காமல் வளர்ந்தவர்களுக்குத்தான் மலைமேல் ஆசை அதிகம் என்று நினைக்கிறேன்.

விசைப்படகிலும் ஐஸ் கம்பெனியிலும் வேலை பார்க்கும் நாங்கள் எட்டுப் பேர், வருகிற தை மாதத்தில் தேனிப் பக்கத்து மலைகளில் இரண்டு நாள் நடப்பதென்று முடிவு செய்து விசாரித்தோம். முன்பதிவு, தடத்துக்கான கட்டணம், கட்டாய வழிகாட்டி, குறித்த நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்ற நிபந்தனை என்று வரிசையாகச் சொன்னார்கள். கடினமான தடங்களுக்கு ஆளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. பேருந்துச் செலவையும் சேர்த்தால் எங்களில் சிலருக்கு அது ஒரு வாரம் மீன்பிடித்துக் கிடைக்கும் பங்குப் பணம்.

இதை எங்கள் எட்டுப் பேரின் பிரச்சினையாக மட்டும் நான் பார்க்கவில்லை. காலால் நடந்து மலையைப் பார்க்க விரும்புகிறவன் எதற்காகக் காசு கட்டி அனுமதி வாங்க வேண்டும்? நார்வே நாட்டில் வேலியும் பயிரும் இல்லாத நிலத்தில் எவரும் நடக்கலாம் என்பது வழிவழியாக வந்த உரிமை. 1957இல் அதைச் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அதே உரிமையைத் தருகிறது. இங்கிலாந்தில் அது சும்மா கிடைக்கவில்லை. பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஊர்களின் ஆலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு ஏறினார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் தேசியப் பூங்காக்களும் நடக்கும் உரிமையும் வந்தன.

எங்கள் அப்பாக்களின் தலைமுறையில், 1986இல், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டு அவர்கள் கால் வைக்கக் கூடாத இடங்களாயின. இப்போது மலையும் அப்படியே ஆகிக்கொண்டிருக்கிறது. ஆபத்து வந்தால் மீட்பதற்கு ஆள் வைப்பது அரசின் கடமை. ஆபத்து வரும் என்று சொல்லி வாசலைப் பூட்டுவது கடமையைத் தட்டிக் கழிப்பது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி டீச்சர்:

தம்பி, உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன், ஆனால் உங்கள் முடிவை ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்ல நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டு மாசி மாதம், இணையத்தில் ஆள் சேர்த்து மலைக்கு அழைத்துப் போகும் ஒரு குழுவோடு நான் போயிருந்தேன். 14 பேர் போனோம். அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் முற்பகலில் ஒரு சரிவின் பாதியில் இளைப்பாற உட்கார்ந்தோம். என் தோளுயரத்துக்குக் காய்ந்த புல். கையால் ஒதுக்கினால் சரசரவென்று ஒடிந்து உதிர்ந்தது. குழுவில் ஒருவர் தேநீர் போடுவதற்காகச் சிறிய அடுப்பைப் பற்றவைத்தார். காற்று ஒரு முறை திரும்பியது, அவ்வளவுதான். ஒரு முழ அகலத்துக்குப் புல் கருகிச் சுருண்டது; பிறகு அந்தக் கருப்பின் ஓரம் ஓர் ஆரஞ்சுக் கோடாகச் சரிவில் மேல்நோக்கி நகர்ந்தது. யாரோ தன் போர்வையைப் போட்டு மிதித்தார், இன்னும் இருவர் தண்ணீர்ப் புட்டிகளைக் கவிழ்த்தார்கள், அணைந்துவிட்டது. மொத்தம் அரை நிமிடம் இருக்கும். அதன் பிறகு கீழே இறங்கும்வரை குடிப்பதற்குத் தண்ணீர் இல்லை. வழி தெரிந்தவர் என்று எங்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்டவரோ பாதை பிரியும் இடங்களில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச் 11 அன்று, குரங்கணி மலையில் காட்டுத்தீ. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுக்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். செய்தியை வாசித்த அன்று எனக்கு அந்தப் போர்வைதான் நினைவுக்கு வந்தது. அன்று காற்று இன்னும் ஒரு முறை திரும்பியிருந்தால் செய்தியில் வந்திருக்கும் பெயர்களில் என் பெயரும் ஒன்றாக இருந்திருக்கும். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 2018இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களை முறைப்படி திறந்தார்கள். பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, தீப்பருவத்தில், தடங்களை மூடுகிறார்கள். நீங்கள் பூட்டு என்று சொல்வதை நான் கைப்பிடிச் சுவர் என்று சொல்வேன். நார்வேயின் ஈரமான மேட்டுநிலத்தை வைத்து மாசி மாதத்துத் தேனி மலைக்குச் சட்டம் எழுத முடியாது.

வாடைக்காற்று (மண்டபம்):

டீச்சர், நீங்கள் சொன்ன அந்த அரை நிமிடத்தை வாசித்து எனக்கும் உடல் பதறியது. ஆனாலும் அந்த நிகழ்ச்சி என் வாதத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. அன்று உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அனுமதிச் சீட்டா, அறிவா? காய்ந்த புல்லில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது அறிவு. சரிவில் தீ மேல்நோக்கித்தான் விரையும், ஏனென்றால் சுவாலை மேலே உள்ள புல்லை நெருங்கி முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது, அதனால் தீக்கு மேலே ஏறி ஓடக் கூடாது என்பது அறிவு. ஏற்கெனவே எரிந்து முடிந்த கருப்பு நிலத்துக்குள் போய்விட்டால் அங்கே தீ திரும்பி வராது என்பது அறிவு. இவற்றில் எதுவும் சீட்டில் அச்சாகி வருவதில்லை.

எங்கள் கடலில் டோக்கன் முறை இருக்கிறது. காற்று பலமாக இருந்தால் டோக்கன் கொடுக்க மாட்டார்கள், படகு போகாது. அது சரியான முறை என்றே நான் சொல்வேன். ஆனால் டோக்கன் வாங்கிப் போன பிறகு நடுக்கடலில் கொண்டல் காற்று எப்போது எழும், எப்போது வலையை இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதைப் படகை ஓட்டும் ஸ்ராங்குதான் முடிவு செய்கிறார். அந்தத் தீர்மானத்தை அவர் இருபது ஆண்டுகள் கடலில் போய்க் கற்றார். மக்களை மலைக்குப் போகவே விடாமல் வைத்திருந்தால் மலையறிவு எங்கிருந்து வளரும்?

கீழக்கரை சங்கு:

வயதில் நான் உங்கள் எல்லோருக்கும் மூத்தவனாக இருக்கக்கூடும். என் வாப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர், நானும் இளமையில் சங்கு குளித்தவன். அதனால் இதில் எனக்குச் சொல்ல இரண்டு செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, திறந்து விட்டால் என்ன ஆகும் என்பதை நம் கடலே பார்த்துவிட்டது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று வாடைக்காற்றுத் தம்பி எழுதியிருக்கிறார். இன்று தண்ணீருக்கு மேலே தெரிபவை 19தான். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டன. தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக் காளவாசலுக்காகப் பல ஆண்டுகள் வெட்டி வெட்டி வள்ளத்தில் ஏற்றியது முக்கியமான காரணம். அலையைத் தாங்கி நின்ற அரண் போனதும் மணல் கரைந்தது. வெட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. யாரும் கேட்காத இடம் என்று நாம்தான் வெட்டினோம். ஆகவே நடக்கும் உரிமை, எடுக்கும் உரிமை என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்கு அந்த இரண்டு தீவுகளின் ஞாபகம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, உயரத்தைப் பற்றியது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. மலையில் ஏறத்தாழ 5,500 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் பாதியாகிறது. இரண்டு இடத்திலும் மனிதனுடைய புத்திதான் முதலில் மங்கும், மங்கியது அவனுக்குத் தெரியாது. அடியில் இன்னொரு சங்கு கண்ணில் பட்டுவிட்டால் மூச்சு தீர்ந்ததையும் மறந்து கை நீளும். அப்படிக் கையை நீட்டி மேலே வராமல் போனவர்களை நான் அறிவேன். 1996 மே மாதம் எவரெஸ்டில் எட்டுப் பேர் இறந்த கதையும் அதுவே. பிற்பகல் இரண்டு மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கை வைத்துக்கொண்டே பலர் அதைக் கடந்து ஏறினார்கள், இறங்கும்போது புயலில் சிக்கினார்கள். 2019இல் அதே உச்சியின் முகட்டில் மனிதர்கள் வரிசை கட்டி நின்ற படத்தை உலகமே பார்த்தது. உள்ளே இருப்பவனுக்குத் தெரியாத எல்லையை வெளியே நிற்பவன்தான் சொல்ல முடியும். முத்துக்குளித்த காலத்தில் மேலே கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள்; தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்கும்படி அவன் கயிற்றைத் தளர விட மாட்டான் என்ற நம்பிக்கை. மலைக்கும் அப்படிக் கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும். அதைத்தான் அனுமதி என்கிறோம்.

சின்னப்பாலம் பாசிக்காரி:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன கயிற்றுக் கதை உண்மை. ஆனால் கயிற்றைப் பிடித்தவன் மச்சான், அலுவலகத்து நாற்காலி அல்ல. அவன் அதே படகில் இருந்தான், அதே வெயிலில் காய்ந்தான், குளிப்பவனின் மூச்சுக் கணக்கு அவனுக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

நான் பன்னிரண்டு வயதிலிருந்து கடற்பாசி எடுக்கிறேன். விரல் நுனிகளில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூழ்குவோம். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது கல் துணியையும் கிழித்துத் தோலையும் கிழிக்கும். உப்புத் தண்ணீரில் அந்தக் கீறல் இரண்டு நாளைக்கு எரியும். தீவைப் பூங்கா என்று அறிவித்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை. பிற்பாடு கெடுபிடி கூடியபோது, எங்கள் அம்மாக்கள் போய் வந்த அதே தண்ணீரில் எங்கள் வள்ளத்தைப் பிடித்தார்கள். எடுத்த பாசியைக் கொட்டச் சொன்னார்கள்.

பாசி குறைகிறது என்பதை எங்களுக்கு எந்த அறிக்கையும் சொல்லத் தேவையில்லை, கை சொல்லிவிடும். அதனால் பெண்கள் கூடிப் பேசி எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் தொடுவதே இல்லை. வேரோடு பிடுங்குவதில்லை. மீறுகிறவளை நாங்களே கேட்போம். 2015இல் எங்கள் ஊர்ப் பாசிக்காரி ஒருவருக்கு தீவுகளின் சூழலைக் காக்கும் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு பரிசு கொடுத்தது இதற்காகத்தான். ஆகவே கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதை யார் போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இமயமலையிலும் இதுவே நடந்திருக்கிறது. நந்தாதேவி சிகரத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கில் ஏறுபவர்கள் குப்பையைக் கொட்டி, விறகை வெட்டி, நாசம் செய்கிறார்கள் என்று 1982–83இல் மூடினார்கள். குப்பை போட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். ஆனால் மூடியபோது லாத்தா, ரேணி கிராமங்களின் ஆடு மேய்க்கும் உரிமையும் மூலிகை எடுக்கும் உரிமையும் சுமை தூக்கிக் கிடைத்த கூலியும் சேர்ந்து போயின. 1974இல் மரத்தைக் கட்டிப் பிடித்துக் காட்டைக் காப்பாற்றிய அதே ரேணி கிராமத்துப் பெண்களைத்தான் காட்டிலிருந்து வெளியே நிறுத்தினார்கள். 1998இல் அந்த ஊர்க்காரர்கள் தடையை மீறி உள்ளே நுழைந்து போராடினார்கள். 2001இல் சுற்றுலா எப்படி நடக்க வேண்டும் என்று ஓர் உறுதிமொழியை அவர்களே எழுதினார்கள். ஸ்காட்லாந்தை மேற்கோள் காட்டும் தம்பி லாத்தாவையும் வாசிக்க வேண்டும். நடக்கப் போகிறவனின் உரிமைக்கு முன்னால் அங்கே வாழ்கிறவனின் உரிமை இருக்கிறது.

தொண்டி டீச்சர்:

அக்கா, நீங்கள் சொன்னதில் பெரும்பகுதியை மறுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட முடியவில்லை. ஊர் விதி என்பது எப்போதும் நியாயமாக இருக்கிறதா? பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்குக் கேரளத்தின் பக்கமிருந்து பெண்கள் ஏறக் கூடாது என்று நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தார்கள். அங்கே வாழும் காணிக்காரப் பழங்குடிகளின் நம்பிக்கை அது என்று காரணம் சொன்னார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே, 2019 ஜனவரியில் முதல் பெண் 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சிக்குப் போனார். ஊரின் கையில் மட்டும் கயிறு இருந்திருந்தால் நானும் நீங்களும் அந்த மலையின் அடிவாரத்திலேயே நின்றிருப்போம்.

சின்னப்பாலம் பாசிக்காரி:

சரியான கேள்வி, டீச்சர். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. காணிக்காரர்களின் மலை அவர்களுக்குக் கோயில். அவர்கள் மனம் புண்படும் என்றால் நான் ஏறாமல் இருப்பேன், அது என் சொந்த முடிவு. பெண் என்பதற்காக என்னைத் தடுப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், அதுவும் என் முடிவு. எங்கள் 12 நாள் கணக்கு நிலைத்து நின்றதற்குக் காரணம், அதைச் சுமக்கிறவர்களே அதைப் பேசி முடித்தார்கள் என்பதுதான். ஆண்கள் மட்டும் கூடி எங்களுக்கு அதை விதித்திருந்தால் முதல் மாதத்திலேயே மீறியிருப்போம்.

தங்கச்சிமடத்தான்:

நான்கு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். இங்கே பனிமலையில் கயிறு கட்டி ஏறியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் போலிருக்கிறது. 1965இல் தொடங்கப்பட்ட உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சியை முடித்தவன். அதனால் ஏறுகிறவர்களின் உள்ளிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

அங்கே முதல் வாரத்தில் முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தார்கள். மற்றவர்கள் தடுமாறியபோது எனக்குக் கை தானாகப் போட்டது; வலைக்கயிறும் நங்கூரக் கயிறும் கட்டி வளர்ந்த கை. ஆனால் பிலே என்று அவர்கள் சொல்லும் கயிறு பிடிக்கும் வேலைதான் எனக்குக் கடினமாக இருந்தது. பாறையில் ஏறுகிறவன் நமக்கு மேலே இருப்பான். அவன் முகம் தெரியாது, கயிற்றின் அசைவு மட்டும் கையில் தெரியும். இறுக்கிப் பிடித்தால் அவனால் அடுத்த பிடிக்கு எட்ட முடியாது. தளர விட்டால் விழும்போது நிற்காது. ஒரு சாண் தளர்வு, அவ்வளவே கணக்கு. அனுமதி, கட்டுப்பாடு என்று நீங்கள் பேசுவதை எல்லாம் அந்த ஒரு சாணை வைத்துத்தான் நான் யோசிக்கிறேன். வாடைக்காற்றுத் தம்பி கயிற்றையே அறுக்கச் சொல்கிறார், தொண்டி டீச்சர் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார்.

உச்சியைத் தொட்டே தீர வேண்டும் என்ற எண்ணம் மலையேற்றத்தின் ஒரு பாதிதான். மற்றப் பாதியும் இருக்கிறது, அதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். 1955இல் கஞ்சன்ஜங்காவின் மேல் முதன்முதலில் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர், சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டுத் திரும்பினார்கள்; பின்னால் போனவர்களில் பலரும் அந்த வழக்கத்தைக் காப்பாற்றினார்கள். அமெரிக்காவின் டெவில்ஸ் டவர் பாறை அங்குள்ள பழங்குடிகளுக்குப் புனிதமானது. 1995 முதல் ஜூன் மாதத்தில் அதில் ஏறாதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. அது தடை அல்ல, வேண்டுகோள்தான். ஏறுபவர்களில் பெரும்பாலோர் கேட்கிறார்கள், எல்லோரும் கேட்பதில்லை. பூட்டான் 2003 முதல் மலையேற்றத்தையே நிறுத்திவிட்டது; அதனால் 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கார் புவென்சும் இன்னும் எவர் காலும் படாமல் நிற்கிறது. அதில் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. ஆனாலும் அது அப்படியே நிற்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

சுமக்கிறவர்களைப் பற்றி அக்கா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனிச்சரிவுப் பகுதியில் பனிப்பாறை இடிந்து 16 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நேபாளத் தொழிலாளர்கள், பெரும்பாலோர் ஷெர்பாக்கள். வாடிக்கையாளர்களுக்காகக் கயிறும் ஏணியும் சுமையும் கொண்டு போனவர்கள். உடனடி உதவியாகக் குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்று அறிவித்தபோது ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் ஏற மறுத்ததால் அந்தப் பக்கத்து ஏற்றமே ஏறத்தாழ நின்றது. காப்பீட்டுத் தொகை உயர்ந்தது அதற்குப் பிறகுதான். கடலில் காணாமல் போனவருடைய வீட்டுக்கு என்ன வருகிறது என்று நம் ஊரில் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. வழிகாட்டிக் கட்டணத்தை வெறும் செலவாகப் பார்க்கும் தம்பி, அந்தக் காசு யார் கைக்குப் போகிறது, அவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். போகிறது, இருக்கிறது என்றால் அது நியாயமான கூலி.

இன்னொன்று. எவரெஸ்டின் உச்சிப்பாறை சுண்ணாம்புக்கல். அதில் பழங்காலக் கடல் உயிரிகளின் படிவங்கள் இருக்கின்றன. கடலடித் தரைதான் அவ்வளவு உயரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. கடற்கரைக்காரனுக்கு மலை அந்நியம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

வாடைக்காற்று (மண்டபம்):

எல்லோருக்கும் நன்றி. வழிகாட்டி விஷயத்தில் நான் சொன்னது தவறு. அதைச் செலவுக் கணக்கில் மட்டும் வைத்துப் பார்த்தேன். தங்கச்சிமடத்து அண்ணனின் கேள்வியை என்னிடம் நானே கேட்டிருக்க வேண்டும். எங்கள் படகில் ஏறி ஒருவர் கடல் பார்க்க வந்தால் ஸ்ராங்குக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்வேனா? தீப்பருவத்தில் மூடுவதையும் ஏற்கிறேன். நாங்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் கரையில் உட்காருகிறவர்கள், ஒரு பருவத்தை விட்டுக்கொடுப்பது எங்களுக்குப் புதிதில்லை.

ஆனால் கட்டணத்தில் நான் அசைய மாட்டேன். சதுரகிரிக்கும் வெள்ளியங்கிரிக்கும் பக்தராகப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள். மலையைப் பார்க்க மட்டும் போகிறவன் காசுள்ளவனாக இருக்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் வராது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்டில் ஏறினார். தமிழ்நாட்டிலிருந்து ஏறிய முதல் பெண் அவர்தான். அவருக்குப் பின்னால் இந்தக் கரையிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ போக வேண்டுமென்றால், முதல் மலை அவர்களுக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும்.

தொண்டி டீச்சர்:

அதில் நான் உங்களோடு நிற்கிறேன், தம்பி. அரசுப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது எளிய தடம் ஒன்றில் கட்டணமின்றி அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை நானும் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். தீயைப் பற்றி நீங்கள் மேலே எழுதிய மூன்று செய்திகளும் எட்டாம் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டியவை. ஆனால் வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் போகக் கூடாது என்பதில் நானும் அசைய மாட்டேன்.

கீழக்கரை சங்கு:

நான் இன்னமும் திறப்பதற்கு எதிரானவன்தான். கட்டணத்தைக் குறைத்தால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் தீவுக்கு நடந்ததுதான் மலைக்கும் நடக்கும். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மலைமேல் உள்ள புல்வெளிகளில் இரவு தங்குவதையே தடை செய்ததும், ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு மேல் விடக் கூடாது என்றதும் அந்தப் பயத்தினால்தான். கட்டணம் குறையட்டும், எண்ணிக்கையும் குறையட்டும். யார் போவது என்பதைக் காசு தீர்மானிக்க வேண்டாம், குலுக்கலில் எடுங்கள்.

வாடைக்காற்று (மண்டபம்):

காக்காவின் குலுக்கல் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் எட்டுப் பேரும் தை முதல் வாரத்துக்குப் பணம் சேர்த்துப் பதிவு செய்கிறோம். அதற்குமுன் ஒரு மனு எழுதி அனுப்பலாம் என்று இருக்கிறேன். அதில் மூன்று கோரிக்கைகள். ஒன்று, ஒவ்வொரு தடத்திலும் வாரத்தில் ஒரு நாளைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கி, இடங்களைக் குலுக்கலில் கொடுக்க வேண்டும். இரண்டு, வழிகாட்டிகளுக்குக் கூலியும் காப்பீடும் எவ்வளவு என்பதைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும். மூன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நடை. கையெழுத்திட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

சின்னப்பாலம் பாசிக்காரி:

இரண்டாவது கோரிக்கையில் ‘வழிகாட்டிகளுக்கு’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘அந்த மலையிலேயே வாழும்’ என்று சேர்த்து எழுதுங்கள், தம்பி. தடத்தை எந்த நாளில் மூடுவது, எத்தனை பேரை விடுவது என்று பேசும் கூட்டத்தில் அவர்களும் உட்கார வேண்டும் என்பதை நான்காவதாகப் போடுங்கள். போட்டால் நான் கையெழுத்திடுகிறேன்; எங்கள் தெருவில் இன்னும் முப்பது பெண்களிடமும் வாங்கித் தருகிறேன்.